முக்கோணப் பையின் உள்பக்கம்

எருத்தேன்பதி,
22.11.2023

அன்பு மகள் மிருதுளாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் மாடுகளும் சௌக்கியம். அந்த மலைக் குளிரில் உனக்கு இருமல் வராமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் கோபமாக ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே உன் பக்கம் நெட்வொர்க் போய்விடுகிறது. தாளில் அந்தத் தொல்லை இல்லை. விடுதியில் யாராவது பிரித்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. இதில் இருப்பதை எல்லாம் இன்று காலை உன் கல்லூரிக்கே எழுதிப் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய்? பயிற்சி ஓட்டம் முடிந்ததும் சைக்கிள் கிளப்பில் புது விதி போட்டுவிட்டார்கள், வீட்டில் தைத்த பையை மாட்டக்கூடாதாம், கடையில் வாங்கிய கம்பெனிப் பைதான் வேண்டுமாம், அதனால் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன் என்றாய். இன்றைக்கு மெஸ்ஸில் இட்லி இல்லை என்று சொல்கிற குரலில் சொன்னாய். நானும் சரி என்று போனை வைத்துவிட்டேன். அதன்பிறகு மூன்று நாளாக எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நேற்று தையல் யூனிட்டில் ஒரு சட்டைக்கு இடது கையை இரண்டு பக்கமும் வைத்துத் தைத்துவிட்டேன்.

அந்தப் பை எப்படி உருவானது என்று உனக்கு முழுக்கத் தெரியாது. ஓணம் விடுமுறையில் அப்பா கஞ்சிக்கோட்டில் அந்தப் பழைய கியர் சைக்கிளை வாங்கி வந்தார். மலைக்குக் காய்கறி ஏற்றப் போகிற பிக்கப் கிடைக்கும்வரை அது பத்து நாள் நம் வீட்டில் நின்றது. நீ அதற்குள் கிளம்பிப் போய்விட்டாய். நான் அதைச் சுவரில் சாய்த்து, தீவனப் பெட்டி அட்டையைப் பிரித்து, ஃபிரேமின் முக்கோணத்துக்குள் வைத்து வரைந்து வெட்டினேன். பார்க்கச் சாதாரண முக்கோணம்தான். வெட்டும்போதுதான் மூன்று மூலையும் மூன்று விதம் என்று தெரிந்தது. சீட்டின் அடிப்பக்கம் அகலம், பெடல் பக்கம் ஒடுக்கம், ஹேண்டில் பக்கம் கத்தி முனை மாதிரி.

முதல் பைக்கு நான்கு விரல் கனம் வைத்தேன். நிறையப் பிடிக்கட்டும் என்ற பேராசை. சாமான் போட்டதும் அது இரண்டு பக்கமும் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. களத்தில் நானே ஓட்டிப் பார்த்தேன். மிதிக்க மிதிக்க இரண்டு முட்டியும் உரசி, சுடிதாரில் நூல் கிளம்பிவிட்டது. உன் அப்பா தென்னையடியில் நின்றுகொண்டு, "அம்மிணி, நீ சைக்கிள் ஓட்டறயா, மாவு அரைக்கறயா?" என்று கேட்டார். பிரித்துப் போட்டேன்.

இரண்டாவது பைக்கு இரண்டரை விரல். வெளித்துணி, கஞ்சிக்கோட்டு லாரித் தார்ப்பாய்க் கடையில் வெட்டி மிஞ்சிய பச்சைத் துண்டு. ஜிப்பை இடது பக்கம் வைத்தேன். சங்கிலி வலது பக்கம் இருக்கிறது; ஏற்றத்தில் இறங்கித் தள்ளும்போது நீ இடது பக்கம்தான் நடப்பாய், நடந்தபடியே ஒரு கையால் திறக்கலாம். அந்தக் கத்தி முனை மூலைவரை ஜிப்பைக் கொண்டுபோனால் பல் மடங்கும் என்று இரண்டு விரல் முன்னாலேயே நிறுத்தினேன். மேல் பாரை ஒட்டிப் பிரேக் கம்பி ஓடுகிறது. பட்டை அதை அழுத்தினால் மலை இறக்கத்தில் உன் கதி என்ன? ஒவ்வொரு பட்டையும் கம்பிக்கு உள்ளே நுழைந்து வருகிற மாதிரி இடம் பார்த்து வைத்தேன். பதினெட்டாம் நம்பர் ஊசி நான்கு ஒடிந்தது.

உள்பக்கத்துக்குப் பரணில் சுருட்டிக் கிடந்த பழைய பிளெக்ஸை எடுத்துக்கொண்டேன். அதன் வெள்ளைப் பக்கம் சொரசொரப்பு, மாவாக உதிரும், அழுக்கு காட்டும். அதனால் அதைத் தார்ப்பாயோடு சேர்த்து மறைத்து, அச்சடித்த வழுவழுப்புப் பக்கம் சாமான்மேல் படுகிற மாதிரி திருப்பினேன். ஈரம் பட்டால் ஒரு துடைப்பில் போய்விடும். இதை யோசித்ததற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். தையல் ஓட்டைகளில் மெழுகுவர்த்தி தேய்த்து, உள்ளே செய்தித்தாளை வைத்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். ஒரு மூலை மட்டும் நனைந்தது. அந்த மூலையைப் பிரித்து மறுபடி தைத்தேன். யூனிட்டில் சுப்பாத்தாள் அக்கா எட்டிப் பார்த்து, "ஏனுங்க பிரதீபா, சைக்கிளுக்கு ரவிக்கை தெக்கறீங்களா? கை வெச்சதா, கையில்லாததுங்களா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். நானும்தான் சிரித்தேன். தீபாவளிக்கு வந்து எடுத்துப் போன நீ, அங்கே மாட்டிப் படம் அனுப்பினாய். எங்கும் ஒரு நூல் இடைவெளி இல்லாமல் பொருந்தியிருந்தது. அந்தப் படத்தை எத்தனை பேருக்குக் காட்டினேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

இதைத்தான் கூடாது என்கிறார்கள். கடைப் பையைத் தைத்தது யார்? ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு பெண் மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்து தைத்ததுதானே அதுவும்? அவள் பெயர் தெரியாததால் அது கம்பெனிப் பை. என் பெயர் தெரிவதால் இது வீட்டுப் பை. உங்கள் கிளப்பில் யாராவது அதை இழுத்துப் பார்த்தார்களா? எடை போட்டுத் தொங்கவிட்டார்களா? தண்ணீர் ஊற்றினார்களா? எதுவும் செய்யாமல் முத்திரையைத் தேடியிருக்கிறார்கள். முத்திரைதான் வேண்டும் என்றால் கோயம்புத்தூரில் ஒரு மணி நேரத்தில் எத்தனை வேண்டுமானாலும் வாங்கித் தைத்திருப்பேன்.

பிரின்சிபாலுக்கு மூன்று பக்கம் எழுதினேன். கிளப்புக்குப் பொறுப்பான ஜிதின் சாரின் பெயரையும் குறிப்பிட்டேன். எந்தப் பரிசோதனையும் இல்லாமல் ஒரு மாணவியின் பையை ஒதுக்கியது எந்த விதிப்படி என்று எழுத்தில் பதில் கேட்டிருக்கிறேன். பையின் படங்கள் நான்கு இணைத்திருக்கிறேன். அப்பா படித்துப் பார்த்துவிட்டு, "கம்ப்ளைண்ட்டையும் மிஷின்லயே அடிச்சுட்ட போல. மூச்சு விடறதுக்கு ஒரு ஓட்டை இல்லையே அம்மிணி" என்றார். அவர் அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அனுப்பியிருப்பேன். பதிவுத் தபால்.

செவலை மாடு சனிக்கிழமை கன்று போட்டது. கிடாரி. சென்னியப்பன் மாமா வந்திருந்தார், உன்னைக் கேட்டார்.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதிதானே பயணம்? மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன், அங்கிருந்து வட்டவடை, மூன்று நாள். அதற்குள் பதில் வந்துவிடும். உன் சார்பில் நான் பேசியிருக்கிறேன். நீ தலை குனிய வேண்டிய அவசியமில்லை. அலமாரியைத் திற, பையை எடுத்து மாட்டு. நல்லபடியாக இருப்பாய்.

உன் அம்மா,
பிரதீபா


எருத்தேன்பதி,
1.12.2023

மிருதுளாவுக்கு,

நாங்கள் நலம். நீ நலம் என்று ஜிதின் சார் சொன்னார். ஆறு முறை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

நேற்று மதியம் அவர்தான் அழைத்தார். பிரின்சிபால் அவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார், என் கடிதத்தால். "சேச்சி, ஞான் அங்ஙனெ ஒரு ரூல் வெச்சிட்டில்லா" என்றார். அப்படி ஒரு விதியே இல்லையாம். எப்போதும் இருந்ததில்லையாம். கிளப்பில் பாதிப் பேர் சாக்கை மடித்துக் கட்டிக்கொண்டு வருகிறவர்களாம். பயிற்சி ஓட்டத்தின் முதல் நாள் காலை உன் பையைச் சுற்றி எல்லோரும் நின்று, பட்டை எங்கே நுழைகிறது, ஜிப் ஏன் இந்தப் பக்கம் என்று பார்த்தார்களாம். உன் அம்மாவிடம் சொல்லி கிளப்புக்கு ஆறு பை தைத்து வாங்கலாமா என்று அவரே உன்னிடம் கேட்டிருக்கிறார். நீ சரி என்றாயாம்.

அவர் கோபப்பட்டுப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். பிள்ளைகள் ஏதாவது சொல்லியிருப்பார்கள், விட்டுவிடுங்கள் சேச்சி, நம்முடைய மகாராணி நல்ல குட்டி, எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும் என்றார். மகாராணி யார் என்று கேட்டேன். இப்போது எல்லோரும் உன்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். இந்தக் கோபத்துக்கு நடுவிலும் அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதற்கு மேல் அவர் சொன்னதில் அந்தப் பெருமை போய்விட்டது. பிரின்சிபால் உன்னை அறைக்குக் கூப்பிட்டு, யார் அந்த விதியைச் சொன்னது என்று கேட்டபோது நீ வாயே திறக்கவில்லையாம். வெளியே வந்து, பயணப் பட்டியலில் இருந்து உன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டாயாம்.

எதற்காக என்னிடம் பொய் சொன்னாய்?

நான் சண்டைக்காரி இல்லை. உனக்கே தெரியும். பஞ்சாயத்து ஆபீசில் வரிசையை மீறி ஒருவன் உள்ளே போனால்கூட மனதுக்குள்தான் திட்டுவேன். இருபது வருடத்தில் முதல் முறையாக ஒருவர்மேல் புகார் எழுதினேன். அந்த ஒருவர் ஒரு தவறும் செய்யாதவர். என்னை மதித்து ஆறு பை தைத்துத் தரச் சொல்ல நினைத்தவர். அவர் தன் மேலதிகாரிக்கு இன்று விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார். நான் எந்த முகத்தோடு அவரிடம் பேசுவது?

யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒரு காரணம்தான் தெரிகிறது. உனக்கு வெட்கம். பி.காம் முடித்துவிட்டு குடும்பஸ்ரீ மகளிர் குழு யூனிட்டில் சீருடை தைக்கிற அம்மா. அவள் லாரித் தார்ப்பாய்த் துண்டில் தைத்துக் கொடுத்த பை. மற்றவர்கள் முதலில் மெச்சியிருக்கலாம், அப்புறம் யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள், உனக்குச் சுருக்கென்றிருக்கும். அப்படியானால் அதை நேராக என்னிடம் சொல்லியிருக்கலாம். அம்மா, எனக்குக் கடைப் பை வேண்டும் என்று. நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தாயா? வாங்கிக் கொடுத்திருப்பேன். என்னிடம் கேட்பதற்குப் பதில் ஒரு விதியை உண்டாக்கி, அதை ஒரு நல்ல மனிதரின் தலையில் வைத்திருக்கிறாய். இதை நான் உனக்குக் கற்றுத் தரவில்லை.

அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார். "புள்ளைகிட்ட கேட்டுப்போட்டு எழுதியிருக்கலாம்." அவர் உன் பக்கமா, என் பக்கமா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நேற்று அவரோடும் நான் பேசவில்லை.

பையைத் திருப்பி அனுப்பிவிடு. உனக்கு வேண்டாத ஒன்று உன் அலமாரியில் கிடக்க வேண்டாம். நீ பயணத்துக்குப் போவதும் போகாததும் உன் விருப்பம்.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
பிரதீபா


எருத்தேன்பதி,
9.12.2023

என் கண்ணு மிருதுவுக்கு,

நேற்று பை வந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டாவது வைத்திருப்பாய் என்று உறையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன். இல்லை. என் போன கடிதத்துக்கு அதுவே அதிகம்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். முதலில் நான் தையலைத்தான் பார்த்தேன். மூலைகள், பட்டைகள், ஜிப்பின் இரண்டு முனை. எங்கும் ஒரு நூல் இளகவில்லை. பார்த்தாயா, இதையா வேண்டாம் என்றாள் என்று மறுபடியும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் ஜிப்பைத் திறந்தேன்.

உள்ளே முழுக்கக் கறுப்பு இன்சுலேஷன் டேப். வரிசை வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்று கால் பாகம் ஏறும்படி, கீழிருந்து மேலாக ஓடு வேய்ந்த மாதிரி ஒட்டியிருந்தாய். தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து போக வேண்டும் என்று அந்த நேரத்திலும் யோசித்திருக்கிறாய். குளிரில் பசை விட்டு ஓரங்கள் சுருண்டிருந்தன. சுருண்ட ஓர் இடத்தில் ஒரு நெற்றிச்சுட்டி தெரிந்தது. அதன் கீழே ஒரு கண்.

நான் மெஷின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த பிளெக்ஸ் என்னவென்று தெரியாமல் தைத்தேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். தெரிந்துதான் எடுத்தேன். மடிப்பு விழாத இடம் நடுப்பகுதிதான் என்று அதில் அட்டையை வைத்து வெட்டினேன். நடுவில் உன் முகம் இருந்தது. கிரீடமும் மாலையும் ஒப்பனையுமாகப் பதின்மூன்று வயது முகம். முகம் கசங்காமல் முழுசாக விழுந்திருக்கிறது என்று சந்தோஷம்கூடப் பட்டேன். மேலே 'எங்கள் வீட்டு மகாராணியின் பூப்பு நன்னீராட்டு விழா' என்ற எழுத்து ஜிப்பின் ஓரத்தோடு நேராக வந்தது. கோணாமல் வெட்டினேன் என்று நினைத்தேன். சின்னப் பாக்கெட்டுக்குள் சென்னியப்பன் மாமா கூலிங் கிளாஸோடு இருக்கிறார். வெளியே தெரியாது, உள்பக்கம்தானே என்பது என் கணக்கு. பை என்றால் திறப்பார்கள் என்பது இவ்வளவு வருடமாகத் தைக்கிற எனக்குத் தோன்றவில்லை.

நீ எங்கே திறந்தாய்? முதல் நாள் ஏதாவது டீக்கடை முன்னால், எல்லோரும் நிற்கும்போதா? பை எப்படி இருக்கிறது காட்டு என்று அவர்களே திறந்தார்களா? தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவராவது உங்கள் கூட்டத்தில் இருப்பார். படித்து மற்றவர்களுக்குச் சொல்லியிருப்பார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தப் படமே போதும். அன்று இரவே உட்கார்ந்து இந்த டேப்பை ஒட்டியிருப்பாய். ஜிதின் சார் ஆசையாகச் சொன்ன அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது, பாவம். அதைக் கேட்டுப் பெருமைப்பட்டேன் என்று நான் உனக்கு எழுதினேன். அந்த வரியைப் படித்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும்? இதையெல்லாம் நீ என்னிடம் சொல்ல முடியாமல்தான், என் மனது நோகாத மாதிரி ஒரு விதியை உண்டாக்கியிருக்கிறாய். நான் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பிரின்சிபாலின் மேஜைமேல் வைத்தேன்.

எட்டாம் வகுப்பில் நீ மூன்று முறை என்னிடம் கேட்டாய். முதல் முறை விழா முடிந்த மறுநாள். "அம்மா, பஸ் ஸ்டாப்புல இருக்கற அந்த பேனர அவுக்கச் சொல்லும்மா. ஸ்கூல் வேன் அங்கதான் நிக்குது." மாமன் ஆசையாக வைத்தது கண்ணு, நாலு நாள், காற்றடித்தால் தானாகப் போய்விடும் என்றேன். இரண்டாவது முறை அழுதாய். அப்போதும் அதையேதான் சொன்னேன். மூன்றாவது முறை நீ கேட்கவில்லை, வேன் டிரைவர்தான் சொன்னார். அந்த நிறுத்தம் வரும்போதெல்லாம் பாப்பா குனிந்து ஷூ லேஸ் கட்டுகிறாள் என்றார். உன் ஷூவில் லேஸ் கிடையாது. ஒட்டுகிற பட்டைதான். எனக்கு அது நன்றாகத் தெரியும், நான்தான் வாங்கினேன். தெரிந்தும் டிரைவரிடம் சிரித்து வைத்தேன். அந்த பேனர் இருபத்தாறு நாள் அங்கே நின்றது.

நான் யார் தெரியுமா? சித்தூரில் கல்லூரியில் படிக்கும்போது, ஒரு பெண் வயதுக்கு வந்ததை ஊருக்கு அறிவிப்பது எதற்கு என்று மேடையேறிப் பேசிக் கைதட்டல் வாங்கியவள். உன் வயதுதான் அப்போது எனக்கு. அதே கேள்வி என் வீட்டு வாசலுக்கு வந்தபோது, அண்ணன் மனது கோணிவிடக்கூடாது என்பது மட்டும்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. கம்பெனிப் பை, வீட்டுப் பை என்று மூன்று பக்கம் எழுத வந்த கோபம் அன்றைக்கு மூன்று வார்த்தையாகக்கூட வரவில்லை.

நேற்றுச் சாயங்காலம் மாமாவுக்குப் போன் செய்தேன். யாராவது ஒருவர்மேல் கோபப்பட்டாக வேண்டும் போல இருந்தது. நீ வைத்த பேனரால் என் பிள்ளை இன்றைக்கு வரைக்கும் தலை குனிகிறாள் என்று கத்தினேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார். "ஏம்மிணி, ஆறு வருசத்துக்கு முன்ன வெச்சதுக்கு இன்னிக்குச் சண்டைக்கு வர்றயே. பாப்பாவுக்குப் புடிக்கலைன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஏறி அவுத்துப் போட்டிருப்பனே. நீதான போட்டோ நல்லா வந்திருக்குது, கிழியாம கழட்டிட்டு வான்னு சொன்ன." அவர் சொன்னது அவ்வளவும் உண்மை. ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். அந்த வார்த்தையை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

டேப்பை ஒவ்வொன்றாக உரித்தேன். பிளெக்ஸைத் தையல் பிரித்து வெளியே எடுத்தேன். மாட்டுக் கொட்டகைக்குச் சாரல் படாமல் கட்டலாம், கொடு என்று அப்பா கேட்டார். நான் பார்த்த பார்வையில் வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, கீழே உட்கார்ந்து, தானும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டார். இரண்டு பேருமாக அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினோம். பரணில் மிச்சம் இருந்ததையும் இறக்கினோம். யாருடைய முகம் என்று தெரியாத அளவுக்கு வெட்டி, பஞ்சாயத்தின் ஹரித கர்ம சேனைப் பெண்கள் இன்று பிளாஸ்டிக் எடுக்க வந்தபோது சாக்கோடு கொடுத்துவிட்டேன்.

பிரின்சிபாலுக்கு மறுபடி எழுதிவிட்டேன். என் புகார் தவறானது, ஜிதின் சார்மேல் எந்தக் குற்றமும் இல்லை, விசாரிக்காமல் எழுதியது நான், மகளும் பொறுப்பல்ல என்று. ஜிதின் சாரிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். என்ன நடந்தது என்று அவர் மெதுவாகக் கேட்டார். தவறு என்னுடையது சார், காரணத்தைச் சொல்லும் உரிமை என் மகளுடையது என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். நீ எடுக்கச் சொன்ன பிறகும் அவர் உன் பெயரைப் பட்டியலில் இருந்து அடிக்கவில்லையாம். பதினெட்டாம் தேதிவரை அப்படியே வைத்திருப்பாராம். மற்றவர்கள் உன்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று நீ முடிவு செய். உன் சார்பில் உன்னைக் கேட்காமல் இனி நான் எங்கும் பேச மாட்டேன்.

மிருது, நீ போக வேண்டும் என்று எனக்கு ஆசை. இது கட்டளை இல்லை. தீபாவளியன்று வட்டவடை ஏற்றத்தைப் பற்றி நீ இலையில் சோறு ஆறுகிறது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தாய். நான் செய்த காரியத்தால் அந்த ஏற்றம் உனக்கு இல்லாமல் போகக்கூடாது. இந்தப் பையோடு போ, முதுகுப் பையோடு போ, சாக்கை மடித்துக் கட்டிக்கொண்டு போ. எப்படியும் போ.

பை இப்போது என் மெஷின்மேல் வெறுமனே கிடக்கிறது. உள்பக்கம் ஒன்றும் இல்லை, தார்ப்பாயின் முதுகு மட்டும்தான். யூனிட்டில் குடைத்துணி கறுப்பில் இருக்கிறது, ரெயின்கோட் துணி சாம்பலிலும் ஆரஞ்சிலும் இருக்கிறது, இளநீலம் கொஞ்சம். இன்று காலை சாம்பல் துணியை விரித்து, அட்டையை மேலே வைத்து, கத்தரியைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு கீழே வைத்துவிட்டேன்.

உனக்கு என்ன நிறம் வேண்டும்? ஒரே ஒரு வார்த்தை அனுப்பு, போதும். போன் பேச வேண்டாம். கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டாம். தீராவிட்டால் அது தீராமலே இருக்கட்டும். துணி ஒன்றும் வேண்டாம், பையும் வேண்டாம் என்றால் அந்த வார்த்தையையே அனுப்பு. எதுவானாலும் நீ சொன்னபடி செய்கிறேன்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு, கண்ணு.

உன் பதிலுக்காகக் கத்தரியைத் தொடாமல் இருக்கும்
அம்மா